செம்புத் தகட்டில் பிரபு ஆவது எப்படி?

உங்கள் தாத்தா துணிக்கடை வைத்திருந்தவரா? வெட்கப்பட வேண்டாம். பதினான்காம் லூயி மன்னரின் கஜானாவையே கையில் வைத்திருந்த கோல்பேரின் பரம்பரையும் ரெய்ம்ஸ் நகரத்துத் துணி வியாபாரப் பரம்பரைதான். கை வசதியான பிறகு, தங்கள் குடும்பம் ஸ்காட்லாந்துப் பிரபு வம்சத்தில் வந்தது என்று பேச ஆரம்பித்தார்கள். பூர்வீகம் தேடுகிறவர்களுக்கு ஸ்காட்லாந்து தோதான இடம். கடல் தாண்டி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் போய் விசாரித்துக்கொண்டு வர மாட்டார்.

ஆண்டு 1660 என்று வைத்துக்கொள்வோம். இடம் பாரிஸ். உங்களிடம் பணம் இருக்கிறது, குதிரை வண்டி இருக்கிறது, வண்டிக் கதவில் வரைய ஒரு குலச்சின்னம்தான் இல்லை. ஊரில் பெரிய மனிதர் என்று பெயர் எடுத்த அத்தனை பேருடைய முகமும் சான்-ழாக் தெருக் கடைகளில் அச்சுப்படமாகத் தொங்குகிறது. தளபதி தொங்குகிறார், பிஷப் தொங்குகிறார், நீதிமன்றத் தலைவர் தொங்குகிறார், மன்னரின் தம்பியும் தொங்குகிறார். உங்கள் முகம் மட்டும் இல்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் இந்தக் கையேடு.

எண்ணெய்ச் சாயத்தில் ஓவியம் எழுதிக்கொண்டால் போதாதா என்பீர்கள். போதாது. ஓவியம் ஒன்றே ஒன்றுதான். அது உங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கும். பார்க்கிறவர்கள் உங்கள் சொந்தக்காரர்கள். அவர்களுக்குத்தான் உங்களைப் பற்றி எல்லாம் தெரியுமே! செம்புத் தகட்டில் வெட்டிய படம் அப்படியல்ல. நூற்றுக்கணக்கில், தகடு தாங்கினால் ஆயிரத்துக்கும் மேல், தாளில் இறங்கும். உங்களை ஒருநாளும் பார்த்திராத லியோன்காரன் ஒருவன் அதைப் பார்ப்பான். கீழே என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே நம்புவான். பிரபு ஆவதற்கு வேண்டிய ஒரே சாட்சி அவன்தான்.

முதலில் சோப்பு

முகத்தைத் தகட்டில் ஏற்றுவதற்கு முன் கழுவிக்கொள்ள வேண்டும். இதற்கென்றே பிரான்ஸில் ஒரு சோப்பு விற்கிறது. ‘மன்னரின் செயலாளர்’ என்றொரு பதவி. செயலாளர் வேலை என்று பெரிதாக எதுவும் கிடையாது. விலை மட்டும் உண்டு. 20 வருடம் அந்தப் பதவியில் இருந்தாலோ, பதவியில் இருக்கும்போதே கண்ணை மூடினாலோ, உங்கள் வாரிசுகள் சந்தேகமில்லாத பிரபுக்கள். ஊரார் இதைப் ‘பாமரன் சோப்பு’ என்று கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும், அழுக்குப் போனால் சரி. செத்தாலும் பலன் தருகிற முதலீடு வேறெங்கே கிடைக்கும்?

பதவியை வாங்கிய மறுநாளே கடையை இழுத்து மூடுங்கள். பிரபு என்று ஆனவர் உட்கார்ந்து முழம் போட்டுத் துணி விற்றால் பிரபுத்தனம் பறிபோகும். கண்ணாடி ஊதலாம், அந்தத் தொழிலுக்கு மட்டும் பழைய சலுகை உண்டு. 1669 வரை பொறுத்தால் கடல் வாணிபத்துக்கும் அனுமதி கிடைத்துவிடும். பிரபுக்கள் வீட்டில் தூங்கும் பணத்தைக் கப்பலில் ஏற்ற வேண்டும் என்ற கவலை கோல்பேருக்கு. (1664இல் அவர் தொடங்கி வைத்த கிழக்கிந்தியக் கம்பெனிதான் பத்து வருடம் கழித்துப் புதுச்சேரியில் வந்து கடை விரித்தது. அது வேறு கதை.)

பெயரிலும் கொஞ்சம் ஒட்டுப்போட வேண்டும். நடுவில் ஒரு ‘த’ சேர்த்து, பின்னால் ஏதாவது ஒரு நிலத்தின் பெயரை வையுங்கள். நிலம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. மோலியேர் 1662இல் மேடையேற்றிய ‘மனைவியர் பள்ளி’ நாடகத்தில் ஒரு குடியானவனைப் பற்றிப் பேச்சு வரும். அவனுக்கு இருப்பது ஒரே துண்டு நிலம். அதைச் சுற்றிச் சேற்றுக் குழி ஒன்று வெட்டிவிட்டு, ‘தீவுக்காரர்’ என்று தனக்குப் பட்டம் சூட்டிக்கொள்கிறான். அரங்கில் சிரித்தவர்களில் எத்தனை பேர் வீட்டைச் சுற்றி அப்படிக் குழி இருந்ததோ, தெரியாது.

ஒரு எச்சரிக்கை. சோப்பு வாங்கக் காசில்லாமல், வெறும் குழியை மட்டும் வெட்டிவிட்டுப் பிரபு என்று திரிகிறவர்கள் 1666க்குள் ஊரை மாற்றிக்கொள்வது நல்லது. அந்த வருடத்திலிருந்து போலிப் பிரபுக்களைப் பிடிக்க மாகாணம் மாகாணமாக அதிகாரிகள் வருவார்கள். தலைமுறை தலைமுறையாகப் பத்திரம் கேட்பார்கள். இல்லையென்றால் அபராதம், பிரபுக்கள் கட்ட வேண்டாத வரியை அன்றிலிருந்து நீங்கள் கட்ட வேண்டும். அச்சுப்படத்தை எடுத்துக் காட்டினால் ரசிப்பார்கள், அபராதம் குறையாது. இந்த வேட்டைக்கு உத்தரவு போட்டவர் யார் என்று கேட்கிறீர்களா? நம்முடைய ஸ்காட்லாந்து வம்சத்துக் கோல்பேர்தான்.

வெட்டுகிறவரைப் பிடிப்பது

பணத்துக்கேற்ற பணியாரம் என்பது இங்கேயும் உண்டு. சல்லிசாக முடிய வேண்டுமென்றால் சான்-ழாக் தெருவில் பல்தஸார் மோன்கொர்னேயின் கடைக்குப் போங்கள். பிரபுக்களை மொத்த விலைக்குத் தயாரிப்பவர் அவர். ஓவல் வட்டத்துக்குள் மார்பளவு உருவம். முதுகுக்குப் பின்னால், தோளளவு உயரத்தில், ஒரு சின்ன நிலக்காட்சி. தூரத்தில் ஒரு ஊர் தெரியும், சில சமயம் எறும்பளவில் குதிரைப்படை ஒன்று ஓடும். அந்தப் போரில் நீங்கள் இருந்தீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள்தான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்களே.

இந்தக் கடையில் ஒரே ஒரு சிக்கல். பல முகங்கள் வேறொருவர் வெட்டிய படத்தைப் பார்த்து நகலெடுத்தவை. பார்த்தபடியே தகட்டில் வெட்டினால் தாளில் இடவலம் மாறித்தான் விழும். அதனால் முதல் அச்சு கைக்கு வந்ததும் நெஞ்சைப் பாருங்கள். தூய ஆவி விருதின் சிலுவை இடது மார்பில் இருக்க வேண்டும். அதன் நாடா வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு இறங்க வேண்டும். உங்கள் படத்தில் எதிர்ப்பக்கமாக இறங்கினால், நீங்கள் நகலின் நகல் என்று விவரம் தெரிந்தவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்களுக்கு அந்த விருதே கிடையாது என்றால் பிரச்சினை வேறு. மூன்றாம் ஹென்றி மன்னர் 1578இல் நிறுவியது அது. மொத்தமே 100 உறுப்பினர்கள். ஆனால் சபையின் பொருளாளர் பதவியை வாங்குகிறவர் பூர்வீகத்தை நிரூபிக்காமலே அந்த நாடாவை அணியலாம். 1665இல் அதை வாங்கியவர் பெயரைச் சொன்னால் எனக்கு அவர்மேல் ஏதோ காய்ச்சல் என்று நினைப்பீர்கள். ஆமாம், கோல்பேர்.

இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடியும் என்றால் குளோத் மெல்லான் இருக்கிறார். குறுக்குக் கோடே போட மாட்டார். ஒரே திசையில் ஓடும் கோடு. நிழல் வேண்டிய இடத்தில் அதுவே தடிக்கும், வெளிச்சத்தில் மெலியும். 1649இல் அவர் வெட்டிய இயேசுவின் முகம் முழுக்க முழுக்க ஒரே கோடு. மூக்கு நுனியில் தொடங்கிச் சுழன்று சுழன்று, முள்முடி, தலைமுடி, ரத்தத் துளி எல்லாவற்றையும் காட்டிவிட்டுத் தகட்டின் ஓரத்தில் போய்தான் நிற்கும். அதே வித்தையை உங்கள் முகத்திலும் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். அவ்வளவு பொறுப்பைத் தாங்கும் மூக்கு எல்லோருக்கும் அமைவதில்லை.

நிஜமாகவே பெரிய இடம் வேண்டும் என்றால் ரொபேர் நான்தேய். அவரும் ரெய்ம்ஸ்காரர். வேலை தேடிப் பாரிஸுக்கு வந்த புதிதில் அவர் செய்த தந்திரத்தைப் பெரோ எழுதி வைத்திருக்கிறார். சிண்டரெல்லா கதையை எழுதிய அதே ஷார்ல் பெரோ. சொர்போன் பல்கலைக்கழகத்துப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள், இறையியல் மாணவர்கள் சாப்பிடுகிற நேரமாகப் பார்த்து, ஒரு முகப் படத்தோடு நான்தேய் நுழைவார். “இவரைத் தேடி வந்திருக்கிறேன். பெயர் தெரியாது, முகம் இதுதான்” என்பார். படம் கை மாறும். அப்படி ஒரு ஆளே கிடையாது, ஆகவே யாருக்கும் தெரியாது. ஆனால் படம் நன்றாக இருக்கிறதே, எனக்கும் ஒன்று போட்டுத் தருவாயா, என்ன விலை? இப்படித் தொடங்கிய தொழில். 1658இல் அவர் மன்னரின் ஆஸ்தானப் படவெட்டி. கர்தினால் மஸாரன், நிதிக் கண்காணிப்பாளர் ஃபூக்கே, போர் அமைச்சர் ல தெல்லியே, மன்னர் என்று 200க்கு மேற்பட்ட முகங்கள் அவர் உளிக்குக் கீழே வந்து போயிருக்கின்றன.

உங்களுக்கு வயிறெரியும் தகவல் ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1660 மே மாதத்தில், ஸ்பானிய இளவரசியை மணக்க சான்-ழான்-த-லூஸ் ஊருக்குப் போன மன்னர், அங்கிருந்தே ஒரு ஆணை பிறப்பித்தார். செம்பில் படம் வெட்டுவது கைத்தொழில் அல்ல, சுதந்திரக் கலை. தொழிற்சங்கக் கட்டுப்பாடு எதுவும் அதற்குக் கிடையாது. நான்தேயின் செல்வாக்குத்தான் காரணம் என்று சொல்வார்கள். நாள் முழுக்க உலோகத்தைத் தோண்டிக் கையெல்லாம் காய்த்தவனுக்கு ஒரே ஆணையில் கௌரவம் வந்துவிட்டது. நீங்கள் 20 வருடம் சோப்புப் போட வேண்டும்.

உட்காருவது

நான்தேய் முன்னால் உட்காரும்போது பேச்சுக் கொடுப்பார். பேசுங்கள். வாயை இறுக்கிக்கொண்டு ரோமானியச் சக்கரவர்த்தி மாதிரி முறைத்தால் படம் செத்துவிடும். பென்சிலிலோ வண்ணக் கட்டியிலோ முகத்தை நேரில் பார்த்து வரைந்துகொள்வார். பார்த்து வரைந்ததுதான் என்பதைப் பிறகு லத்தீனில் எழுதியும் வைப்பார். அதற்குமேல் உங்களுக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் ஒருமுறை பட்டறைக்குள் எட்டிப் பாருங்கள்.

செம்புத் தகடு, முகம் தெரியும் அளவுக்கு மெருகேறி, மணல் அடைத்த தோல் மெத்தைமேல் கிடக்கும். உளியின் மரப்பிடி உள்ளங்கைக்குள் அடங்கியிருக்கும். முனை சாய்சதுரமாகச் சீவப்பட்ட எஃகுக் கம்பி. அதைத் தன்னிலிருந்து விலக்கி முன்னோக்கித் தள்ளுவார். கோடு வளைய வேண்டிய இடத்தில் கை வளையாது. இடது கை மெத்தைமேல் தகட்டைத் திருப்பும், உளி அதன் போக்கில் போய்க்கொண்டே இருக்கும். தோண்டிய செம்பு மெல்லிய சுருளாக எழும்பி உதிரும். கோட்டின் ஓரத்தில் நிற்கும் பிசிறைச் சுரண்டியால் மழிப்பார். அங்கியின் மடிப்புக்கு நீளக் கோடுகள், ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே. கன்னத்துக்கு வந்ததும் கதை மாறும். நொய்யளவு குறுங்கோடுகள், அவற்றுக்கு நடுவே புள்ளிகள். கன்ன எலும்பில் வெளிச்சம் விழும் இடத்தில் எதுவுமே கிடையாது, வெறும் செம்பு. அச்சில் அது வெறும் தாள். உங்கள் முகத்தின் மிகப் பிரகாசமான இடத்துக்கு நீங்கள் கொடுத்த பணத்தில் ஒரு கோடுகூடச் செலவாகவில்லை.

பிறகு தகட்டில் மை பூசி, துணியால் துடைத்து, கடைசியில் உள்ளங்கையாலேயே துடைப்பார்கள். பள்ளத்தில் இருக்கும் மை மட்டும் மிஞ்சும். ஈரத் தாளை வைத்து, கம்பளி விரித்து, உருளை அச்சில் கொடுத்து இழுத்தால் தாள் பள்ளத்துக்குள் அமுங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். ஆப்ரகாம் போஸ் 1645இல் இந்தத் தொழில்நுட்பம் முழுவதையும் புத்தகமாகவே போட்டுவிட்டார். விரும்பினால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் படித்ததாக வெளியே சொல்லாதீர்கள். பிரபுக்கள் இப்படிப்பட்ட விஷயங்களைத் தெரிந்துவைத்திருப்பதில்லை.

பல படங்களில் நான்தேய் தானே வெட்டியது முகத்தை மட்டும்தான். அங்கி, ஓவல் சட்டம், பீடம், எழுத்து எல்லாம் உதவியாளர்கள் வேலை. இந்தத் தகவலை வாடிக்கையாளர்கள் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். நான் கொஞ்சம் தயங்குகிறேன். பதவி, பெயர், சின்னம், நாடா என்று நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அத்தனையும் உதவியாளனின் கைக்குப் போகின்றன. உங்கள் கையில் முன்பே இருந்த ஒன்று, துணிக்கடைத் தாத்தா இலவசமாகத் தந்துவிட்டுப் போனது, அந்த முகம் மட்டும் பிரான்ஸின் மிகச் சிறந்த கைக்குப் போகிறது. அந்தக் கையும் லேசில் பொய் சொல்லாது. கண்ணுக்குக் கீழே தொங்கும் பை, இரட்டைத் தாடை, எதிரில் நிற்பவன் எவ்வளவுக்குப் படிவான் என்று கணக்குப் போடும் பார்வை, எல்லாம் வரும். அந்த முகங்களின் முன்னால் நின்றால், இன்றைக்கும் அவர்கள்தான் நம்மை எடைபோடுகிறார்கள். சட்டத்தில் எழுதியிருக்கும் பட்டங்களை வாசிக்கத் தோன்றுவதே இல்லை. ஆகவே, நீங்கள் யார் என்பது யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் நான்தேயிடம் போகாதீர்கள். மோன்கொர்னே போதும்.

உடை பற்றி ஒரு வார்த்தை. நீதிமன்றப் பதவி வாங்கியவர் கறுப்பு அங்கி, வெள்ளைக் கழுத்துப்பட்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பரம்பரைப் போர்வீரர்களான வாள் குடும்பத்துக்காரர்கள் மார்புக் கவசத்தோடு உட்காருவார்கள். துப்பாக்கிக் காலத்தில் போர்க்களத்துக்கு அதை முழுதாகப் போட்டுக்கொண்டு போகிறவர் அரிது, படத்துக்கு எல்லோரும் போட்டார்கள். பின்னால், யசின்த் ரிகோ என்ற ஓவியர் காலத்தில் இது இன்னும் சுலபமாகிவிடும். அவர் கணக்குப் புத்தகத்திலேயே ‘மறுபடி போட்ட உடை’ என்று ஒரு வகை உண்டு. புது உடை, புது நிலை என்றால் விலை கூடுதல். ஏற்கெனவே இன்னொருவருக்கு வரைந்த உடையில் உங்கள் தலையை வைத்தால் குறைவு. அந்த ஓவியத்தைப் பார்த்துத்தான் அச்சுப்படம் வெட்டுவார்கள். ஒரே வெல்வெட் சால்வை எத்தனை தோள்களில் ஏறி இறங்கியதோ.

முடியை அலட்சியம் செய்யாதீர்கள். அரசியின் செயலாளராக இருந்த பிரிஸாசியேயை அன்துவான் மஸ்ஸோன் 1664இல் வெட்டினார். நரைத்த முடி ஒவ்வொரு இழையாகப் பளபளக்கும். அவ்வளவு அற்புதமாக அமைந்துபோனதால் சேகரிப்பாளர்கள் பிற்காலத்தில் அந்தப் படத்தை ‘நரைமுடிக்காரர்’ என்றே அழைத்தார்கள். பட்டம், பதவி, சின்னம் எல்லாவற்றையும் எழுதி வைத்தும் நின்றது மயிர்தான். அதே மஸ்ஸோன் 1667இல் வெட்டிய ஆர்க்கூர் பிரபு நிஜமாகவே பெரிய தளபதி, பல களம் கண்டவர். அந்தப் படத்துக்கு வழங்கும் பெயர் அவருடைய காதில் தொங்கும் முத்தை வைத்து வந்தது.

சட்டமும் சின்னமும்

ஓவல் வட்டத்தைச் சுற்றி உங்கள் பட்டங்களை எழுத வேண்டும். இடம் மிஞ்சினால் கவலை வேண்டாம், ‘மன்னரின் ஆலோசனைச் சபைகளில் ஆலோசகர்’ என்பது எவ்வளவு நீளத்துக்கும் இழுபடும். அடியில் பொடி எழுத்தில் வரைந்தவர், வெட்டியவர், வெளியிட்டவர் பெயர்கள் லத்தீனில் இருக்கும். மன்னரின் காப்புரிமை பெற்றது என்றும் ஒரு வரி. அது நகலெடுப்பவர்களைப் பயமுறுத்த, பயந்தவர்கள் குறைவு.

சின்னத்தின் மேல் மகுடம் வரும். டியூக்குக்கு எட்டு இலை. மார்க்கிஸுக்கு இலையும் முத்துக் கொத்தும் மாறி மாறி. கவுன்ட்டுக்கு முத்து மட்டும், மொத்தம் 16, முன்பக்கம் தெரிவது 9. உங்களுக்கு எது உரிமையோ அதற்கு ஒரு படி மேலே போட்டுக்கொள்வதுதான் பிரான்ஸ் வழக்கம். ஒழுங்காகத் தன் படியிலேயே நிற்பவரைப் பார்த்தால் இவர் பாரன்கூட இல்லையோ என்று சந்தேகப்படுவார்கள்.

அச்சுப்படத்தில் வண்ணம் கிடையாதே, சின்னத்தின் நிறத்தை எப்படிக் காட்டுவது? அதற்கு ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. புள்ளி வைத்தால் தங்கம். ஒன்றும் வைக்காவிட்டால் வெள்ளி. நெடுக்குக் கோடு சிவப்பு, படுக்கைக் கோடு நீலம், சாய்கோடு பச்சை, நெடுக்கும் படுக்கையும் சேர்ந்தால் கறுப்பு. கேடயம் கட்டைவிரல் நகத்தளவே இருந்தாலும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. வெட்டுகிறவன் அவசரத்தில் தகட்டைத் திருப்பிப் பிடித்துவிட்டால் உங்கள் நீலம் சிவப்பாகும், நீங்கள் வேறு குடும்பம் ஆகிவிடுவீர்கள்.

சின்னமே இல்லாதவர்கள் 1696 வரை காத்திருக்கலாம். போருக்குப் பணம் போதாமல் மன்னர் அந்த வருடம் ஒரு மாபெரும் சின்னப் பதிவேட்டைத் திறப்பார். 20 லீவ்ர் கட்டினால் தனி ஆளுக்குச் சின்னம் பதிவாகும், ரொட்டிக்கடைக்காரரும் பதியலாம். பதியாமல் ஒளிந்துகொண்டவர்களுக்கு அதிகாரிகளே ஏதோ ஒன்றைத் தலையில் கட்டிப் பணத்தை வசூலிப்பார்கள். ஆனால் சின்னம் இருப்பதனால் நீங்கள் பிரபு என்று ஆகாது. இந்தச் சேதியைப் பணம் கட்டியவர்களிடம் யாரும் உரக்கச் சொல்லவில்லை.

எந்தப் பிராணியைப் போடுவது என்பதில் கவனம் தேவை. ஃபூக்கேயின் கேடயத்தில் அணில். அவர் குடும்பப் பெயருக்கு வட்டார வழக்கில் அணில் என்று பொருள் உண்டு. எட்டாத உயரம் உண்டோ என்ற பாணியில் அதற்கொரு லத்தீன் வாசகம் வேறு. கோல்பேரின் கேடயத்தில் பாம்பு. ல தெல்லியேவின் கேடயத்தில் மூன்று பல்லிகள். 1661 ஆகஸ்ட் 17 அன்று ஃபூக்கே தன்னுடைய வோ மாளிகையில் மன்னருக்கு ஒரு விருந்து வைத்தார். விருந்து மிக நன்றாக அமைந்துவிட்டது. செப்டம்பர் 5 அன்று நான்த் நகரத்தில் தார்த்தன்யான் அவரைக் கைது செய்தார். (ஆம், நாவலில் வரும் அதே தார்த்தன்யான், நிஜ ஆள்.) மூன்று வருட வழக்கு நடக்கும்போது, பாம்புக்கும் பல்லிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அணில் என்று ஊரே கேலி பேசியது. நாடுகடத்தச் சொல்லித் தீர்ப்பு வந்தது. மன்னர் அதை ஆயுள் சிறையாகக் கூட்டினார். அதே 1661இல் நான்தேய் வெட்டிய ஃபூக்கே படம் ஒன்று இருக்கிறது. அமைதியான, கொஞ்சம் களைத்த முகம். படத்தில் அவர் இன்னும் பதவியில்தான் இருக்கிறார். பதவியை நம்பிப் பெரிய தகடாக ஆர்டர் கொடுக்காதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிறர் செலவில்

பதவி உறுதியாக இருக்கிற காலத்தில் செலவில்லாத வழி ஒன்றும் திறக்கும். பணக்கார வீட்டுப் பையன் கல்லூரியில் ஆய்வுரை வாதம் செய்ய நாள் குறிப்பான். அதை ஒரு பெரிய மனிதருக்குச் சமர்ப்பணம் செய்வது வழக்கம். சமர்ப்பணம் என்றால் சாதாரணமில்லை; ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான தாளில் மேலே உங்கள் முகம், கீழே அவனுடைய தத்துவ முடிவுகள், நான்தேய் போன்றவர்களிடம் வெட்டக் கொடுத்தது. செலவு பையனின் அப்பாவுடையது. வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். வீட்டுக்குப் போனதும் கீழ்ப்பாதியைக் கத்தரித்துவிட்டு மேல்பாதியைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். தத்துவத்துக்கு நேர்ந்த கதி அது. நீங்கள் செய்ய வேண்டியது, வாதத்தன்று முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்காமல் இருப்பது ஒன்றுதான்.

எப்படியும் ஒரு பிரதியை மிஷெல் த மரோல் பாதிரியாருக்கு அனுப்பி வையுங்கள். அவர் அச்சுப்படம் சேர்க்கிறவர். மெல்லானும் நான்தேயும் அவர் முகத்தையும் வெட்டியிருக்கிறார்கள். 1667இல் அவர் சேகரித்த 1,23,400 படங்களையும் மன்னருக்காகக் கோல்பேர் விலைக்கு வாங்கிவிடுவார். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் படப்பிரிவுக்கு அதுதான் அஸ்திவாரம். உங்கள் படம் அந்த ஆல்பங்களில் ஒன்றில் ஒட்டப்பட்டிருந்தால், அதிகாரிகள் உங்கள் பிரபுத்தனத்தை ரத்து செய்த பிறகும் மன்னர் வீட்டு அலமாரியில் நீங்கள் பிரபுதான்.

தகடு யாரிடம்?

வெட்டி முடித்ததும் தகட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் விட்டு வைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். தேய்ந்துபோனால் பேரீச்சம்பழத்துக்குப் போகும், அது பரவாயில்லை. தேயாமல் இருந்தால்தான் ஆபத்து. செம்பில் வெட்டியது அழியாது என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பொய். சுரண்டி, மெருகுக் கோலால் தேய்த்து, பின்பக்கத்திலிருந்து சுத்தியலால் தட்டிச் சமன் செய்தால், வேண்டிய இடம் மட்டும் புதுசாகிவிடும்.

பியேர் லொம்பார் என்ற பிரெஞ்சுக்காரர் இதில் கைதேர்ந்தவர். குதிரைமேல் கவசத்தோடு ஒருவர், பக்கத்தில் பணியாள். வான் டைக் வரைந்த இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸ் ஓவியத்தைப் பார்த்து வெட்டியது. அந்தச் சார்லஸின் தலையை நிஜமாகவே வெட்டிய கூட்டத்தின் தலைவர் கிராம்வெல்லின் முகம் அதில் ஏறியது. காலம் மாறியதும் முகத்தைச் சுரண்டினார்கள். கொஞ்ச காலம் குதிரைமேல் ஆள் தலையில்லாமல் உட்கார்ந்திருந்தார், அந்த நிலையிலும் பிரதி எடுத்திருக்கிறார்கள். நம்முடைய பதினான்காம் லூயியின் தலை வந்தது. சார்லஸின் தலையும் வந்தது. குதிரை மாறவில்லை. யார் வந்து உட்கார்ந்தாலும் குதிரை அதே கம்பீரத்தோடு முன்காலைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது.

தகட்டை வாங்கிக்கொள்ளக் கையில் காசில்லை என்றால், வெட்டக் கொடுக்கும்போதே அகலமான லேஸ் கழுத்துப்பட்டியாகப் போடச் சொல்லிவிடுங்கள். ஒட்டுப்போட்ட இடம் வெளியே தெரியாது. அடுத்து வருகிறவருக்கு உபயோகமாக இருக்கும்.